அம்புஜம் டிசோசா

எதையும் ஏன் என்று கேட்காமல் விடாத பழக்கம் வித்யாலட்சுமிக்குக் கடைசிவரை இருந்தது. அல்சூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தின் பதிவு மேஜையில் பதினோரு வருடம் உட்கார்ந்திருந்தாள். வருபவர்களின் பெயரை எழுத்துப் பிசகாமல் அடிப்பாள். ஆங்கிலத்தில் 'ழ'வுக்கு என்ன போடுவது என்று அவர்களையே கேட்பாள். அப்படிப்பட்டவள்மேல் ஒருமுறை பழி விழுந்தது.

பெயர் பதிய கணினியில் புதிய பக்கம் வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. ஜோகுபாளையத்து அம்புஜம் அம்மாள் தன் ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார்.

"ஏம்மா, எங்க வீட்டுக்காரர் பேரு இராஜமாணிக்கம். இந்த டிசோசா யாரு?"

தாளில் 'அம்புஜம் டிசோசா' என்று இருந்தது. வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். மேலாளர் கேரல் சிரிக்கவில்லை.

"இது நாலாவது தப்பு, வித்யா. இன்னொண்ணு வந்தா உன்னை லேபிள் ஒட்டுற ரூமுக்கு மாத்திடுவேன்."

லேபிள் அறைக்குக் குப்பிகள்தான் வரும், ஆட்கள் வரமாட்டார்கள். வித்யாவுக்கு ஆட்கள் வேண்டும்.

மதியம் டிபன் பெட்டியைத் திறக்காமல் நாலு தவறுகளையும் வரிசையாக வைத்துப் பார்த்தாள். அம்புஜம், கவின், இளவேனில், சௌம்யா. நாலு பேரும் தமிழர்கள். இனிஷியல் உண்டு, குடும்பப் பெயர் கிடையாது. அதனால் 'லாஸ்ட் நேம்' கட்டத்தை அவள் தொட்டிருக்கமாட்டாள். அம்புஜத்துக்கு முன்னால் பதிந்தவர் யாரென்று தேடினாள். டேரில் டிசோசா.

ஆனால் ஒவ்வொருவர் முடிந்ததும் 'க்ளியர்' பட்டனை அமுக்கினாளே? கட்டங்கள் காலியானதைக் கண்ணால் பார்த்தாளே? பிறகு டிசோசா எங்கே ஒளிந்திருந்தார்?

பொய்ப் பெயர்கள் போட்டுச் சோதித்தாள். லாஸ்ட் நேம் கட்டத்தில் ஓர் எழுத்தை அடித்து அழித்துவிட்டுச் சேமித்தால் பெயர் சுத்தமாக வந்தது. தொடாமல் சேமித்தால் முந்தைய ஆளின் பெயர் ஒட்டிக்கொண்டு வந்தது.

மறுநாள் அந்தப் பக்கத்தைச் செய்த ஸ்ரீஹர்ஷா வந்தான். பட்டனை அமுக்கிக் காட்டினான்.

"நோடி மேடம், பாருங்க, எல்லாம் காலி."

"கட்டம் காலி. உள்ள காலியா?"

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். கால்மணி நேரம் கழித்துத்தான் நிமிர்ந்தான்.

"ஸ்க்ரீனுக்குப் பின்னாடி இதே பேருங்களுக்கு இன்னொரு காப்பி இருக்கு மேடம். நீங்க டைப் பண்ணா அதுவும் மாறும். நான் பட்டன்ல ஸ்க்ரீனை மட்டும் துடைச்சிருக்கேன், பின்னாடி இருக்கற காப்பிக்குச் சொல்லவே இல்ல. சேவ் ஆகறது அந்தக் காப்பிதான்."

"டெஸ்ட் பண்ணப்ப தெரியலையா?"

"எல்லா டெஸ்ட்லயும் லாஸ்ட் நேம் போட்டேன். அது இல்லாம ஆள் இருப்பாங்கன்னு தோணல."

"எனக்கே இல்லப்பா."

பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த கேரல் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ஸ்ரீஹர்ஷா பட்டனை மாற்றி எழுதினான். இனி அது பின்னாலிருக்கும் காப்பியைக் காலி செய்யும்.

"அப்ப ஸ்க்ரீனை யாரு துடைப்பா?" வித்யா விடவில்லை.

"அது காப்பியைப் பார்த்துத் தானே காலியாயிடும்."

டேரில் டிசோசாவின் பெயரை அடிக்கச் சொன்னாள். பட்டனை அமுக்கச் சொன்னாள். லாஸ்ட் நேமைத் தொடாமல் தன் பெயரைத் தானே அடித்தாள். 'வித்யாலட்சுமி' மட்டும் வந்தது. லேபிள் அறையைப் பற்றி யாரும் மறுபடி பேசவில்லை.

திருத்திய ரிப்போர்ட்டை அம்புஜம் அம்மாள் கண்ணுக்கு அருகில் வைத்துப் படித்தார்.

"டிசோசா எங்க போனாரு?"

"அவர் வீட்டுக்குப் போயிட்டாரும்மா. இவ்வளவு நாள் இங்கதான் உள்ள உக்காந்திருந்தாரு."