வெறியில்லாத தள்ளாட்டம்

ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டி ஏ9 வீதியில் தெற்கே நடந்துகொண்டிருந்தேன். கிளிநொச்சிச் சந்தையும் பின்னால் போய்விட்டது. விசுவமடுவுக்குப் பஸ் இருந்தது. ஆனால் அங்கே நான் கூலிக்கு நின்ற தோட்டத்துக்கு இனிப் போக மனமில்லை. என்னோடு கச்சான் கடலை பிடுங்கிய அண்ணை அன்று மத்தியானம் செத்துப்போயிருந்தார்.

அதற்கு முதல் நாள் கொளுத்தும் வெயில். அண்ணைக்குப் பிறசர். உப்பைக் குறைக்கும்படி கிளினிக்கில் சொல்லி, மூத்திரம் போகிற குளிசையும் கொடுத்திருந்தார்கள். அவர் உப்பை அடியோடு விட்டுவிட்டார். கஞ்சிக்கும் போடமாட்டார். வேர்க்க வேர்க்க வெறும் தண்ணீரையே குடித்தார். மத்தியானத்துக்குப் பிறகு தலை இடிக்கிறது என்றார், குடித்த கஞ்சியைச் சத்தி எடுத்தார், பிறகு வரம்பில் தள்ளாடினார். என்னை வேறு யாரோ என்று நினைத்துக் கதைத்தார்.

"என்னண்ணை, விரதம் முடிஞ்சுதோ?" என்று ஒருவன் கேட்டான்.

"கசிப்புச் சாராயத்தை எங்க ஒளிச்சு வைச்சிருக்கிறியள்? எங்களுக்கும் காட்டுங்கோவன்," என்றான் மற்றவன்.

அண்ணை குடியை விட்டுச் சில மாதம் ஆகியிருந்தது. இனிக் குடித்தால் பிள்ளைகளோடு தாய்வீட்டுக்குப் போய்விடுவேன் என்று மனைவி சொன்ன பிறகு விட்டது. பழைய குடிகாரனை யார் நம்புவார்கள்? குடிவெறி இறங்கட்டும் என்று தலையில் தண்ணீர் ஊற்றினோம். போத்தல் போத்தலாகக் குடிக்கவும் கொடுத்தோம். கைகால் இழுக்கத் தொடங்கியபோதுதான் ஓட்டோ பிடித்தோம்.

நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போகுமுன்பே அண்ணை திரும்பக் குடித்துவிட்டார் என்று மனைவிக்குக் கதை போய்விட்டது. வந்தவர் வார்ட்டுக்கு வெளியே வாங்குப் பலகையில் இருந்துகொண்டார்.

"குடிச்சவர் கிடக்கட்டும். நான் பாக்க மாட்டன்."

மறுநாள் காலையும் அக்கா உள்ளே வராமல் அங்கேயேதான் இருந்தார். சேலைன் பார்க்க வந்த, தாதியர் படிப்புப் படிக்கிற பிள்ளையிடம் கேட்டேன்.

"மிஸி, வெறி இன்னும் இறங்கேல்லையோ?"

"ஆர் சொன்னது வெறியெண்டு? ரத்தத்தில உப்பு நல்லா இறங்கிட்டுது. வேர்வையோடையும் போகுது, குளிசையாலையும் போகுது. இவர் உப்பில்லாமல் தண்ணியை மட்டும் குடிச்சிருக்கிறார். அந்தத் தண்ணி ஏறி மூளை வீங்கினால் ஆள் இப்பிடித்தான் தடுமாறும்."

"அப்ப உப்பைக் கெதியா ஏத்துங்கோவன்."

"கெதியா ஏத்தினா அதுவும் மூளைக்குக் கூடாது. அளந்து அளந்துதான் ஏத்தலாம்."

இதை வெளியே இருக்கிற அக்காவுக்கும் ஒருக்காச் சொல்லுங்கோ என்று அந்தப் பிள்ளையைக் கூட்டிப்போனேன். அக்கா முழுவதையும் கேட்டார். அழவில்லை. எழும்பி உள்ளே போய், குனிந்து, அண்ணையின் வாயருகே மூக்கை வைத்தார்.

"இவ்வளவு மாதமா ஒவ்வொரு பின்னேரமும் மணந்து பாத்துத்தான் சோறு போட்டனான், தம்பி. நேற்று மட்டும் மணக்காமலே நம்பிட்டன்."

பிறகு அவரைக் கூப்பிட்டார். காதுக்குக் கிட்டப் போயும் கூப்பிட்டார். அண்ணை கண் திறக்கவில்லை. மத்தியானம் மூச்சு நின்றது. அக்காவின் ஆட்கள் வந்து சேர்ந்ததும் நான் வெளிக்கிட்டேன்.

அன்றிரவு ஒரு கடை விறாந்தையில் படுத்தேன். காலையில் இரணைமடுப் பக்கம் வாய்க்கால் துப்புரவாக்க ஆள் எடுத்தார்கள். ஆள் சேர்த்தவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"குடிப்பியோ?"

"இல்லை ஐயா."

"எல்லாரும் இப்பிடித்தான் சொல்லுறாங்கள்," என்று மண்வெட்டியை நீட்டினார். வாங்கிக்கொண்டு வாய்க்காலுக்குள் இறங்கினேன்.