சலவைக்கூடத்து அக்கா எழுதாமல் விட்ட படிவம்

மருத்துவமனைப் பிணவறையில் முப்பத்தோரு ஆண்டுகள் பதிவேடு எழுதினேன். சலவைக்கூடத்து அக்கா அங்கேயே பதினெட்டு வருடமாகப் படுக்கை விரிப்புகளை வெளுத்தவர். ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு என் ஜன்னலருகே வந்து, முந்தைய நாள் இறந்துபோன லிஃப்ட் இயக்கும் பெண்ணின் உடலைக் கேட்டார். இருவரும் பதினோரு வருடம் ஒரே அறையில் குடும்பம் நடத்தியவர்கள்.

“என்ன உறவும்மா?” என்றேன்.

“அவதான் சார் எனக்கு எல்லாம்.”

அதை எழுதப் பதிவேட்டில் இடமில்லை. மாலை நாலு மணிக்கு இறந்தவரின் அண்ணன் கையெழுத்துப் போட்டு உடலை எடுத்துப் போனார். அக்காவை அவர் வீட்டு வாசலில்கூட நிற்க விடவில்லை.

அடுத்த செவ்வாய், மதிய இடைவேளையில் அக்கா சலவைக்கூடத்து முக்காலியை மருத்துவமனை வாசலில் போட்டு ஏறி நின்றார். நான் இன்னார், என் துணைவி இன்னார், அவளை என்னிடம் தரவில்லை. பேச்சு அவ்வளவுதான். உங்களில் புருஷன் யார், பெண்டாட்டி யார் என்று எதிர்க்கடையிலிருந்து ஒருவன் கேட்டான்.

“நான் துவைச்சேன், அவ சமைச்சா. உங்க வீட்ல ரெண்டையும் யாருப்பா செய்யறது?”

கடையே அவனைப் பார்த்துச் சிரித்தது.

வாராவாரம் நின்றார். மூன்றாம் மாதத்திலிருந்து அவரைப் போன்றவர்கள் தேடி வந்தார்கள். தங்களுக்காகவும் பேசச் சொன்னார்கள். அக்கா மறுத்துவிட்டார்.

“உனக்கும் சேர்த்து நானே பேசிட்டா, நான் போனப்புறம் நீ ஊமையாத்தான் நிப்ப. ஏறு.”

ஒவ்வொருவராக ஏறினார்கள். ஒரு வெல்டர் மட்டும் ஆறு வருடமும் முக்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாரே தவிர, ஏறவில்லை. அக்கா அவரை வற்புறுத்தியதும் இல்லை.

ஆறாம் வருட முடிவில் நிர்வாகம் இறங்கி வந்தது. தன் உடலை யாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று எவரும் உயிரோடு இருக்கும்போதே படிவத்தில் எழுதித் தரலாம். ஒரு பெயர், இரண்டு சாட்சி. அக்கா வீடுவீடாக அலைந்து நூற்று நாற்பத்து மூன்று பேரை எழுத வைத்தார். எல்லாம் என் அலமாரிக்கு வந்தன. அவருடையது வரவில்லை. இருமுறை நினைவூட்டினேன்.

“எழுத வேண்டியவளைத்தான் கொண்டு போயிட்டாங்களே சார். இப்ப ஒருத்தர் பேரை எழுதினா, மத்தவங்க மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவாங்க” என்று சிரித்தார். மூன்றாம் முறை நான் கேட்கவில்லை.

ஒரு வியாழக்கிழமை சலவை இயந்திரத்தருகே மயங்கி விழுந்தவர் எழவே இல்லை. இருபது வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத தம்பி வந்து சேர்ந்தார். அவருக்கு முன்பே வெல்டர் என் ஜன்னலுக்கு வந்து, பழைய தேதியிட்டு அக்கா பெயரில் ஒரு படிவம் சேர்க்க முடியுமா என்று கேட்டார். முடியாது என்றேன். ஒன்று பொய்யென்று தெரிந்தால் மற்ற நூற்று நாற்பத்து மூன்றையும் கிழித்துப் போடுவார்கள். காரணம் சரிதான். ஆனாலும் அன்று பிற்பகல் தம்பியின் கையெழுத்தை வாங்கும்போது என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

உடலை வண்டியில் ஏற்றும்போது வெல்டர் தம்பியின் முன்னால் போய் நின்றார்.

“எங்களைப் பேச வச்சவங்க உங்க அக்கா. நாங்க பின்னால நடந்து வர்றோம்.”

“தள்ளி வாங்க” என்றார் தம்பி, முகத்தைப் பார்க்காமலே.

தள்ளியே போனார்கள், அறுபத்திரண்டு பேர். இடுகாட்டுக் கதவு அவர்களுக்கு முன்னாலேயே சாத்தப்பட்டது.

அடுத்த செவ்வாய் மதியம் வெல்டர் முக்காலியில் ஏறினார். பிடித்துக்கொள்ள ஆளில்லாமல் அது ஆடியது.

“படிவத்தை எழுதிடுங்க. எங்க அக்கா எழுதல.”