டயலாக் அக்கா

தினத்தொடர்களில் யாரும் வசனத்தை மனப்பாடம் செய்வதில்லை. காலையில் எழுதி மத்தியானம் எடுக்கிற காட்சிக்கு யாருக்கு நேரம் இருக்கிறது? கேமராவுக்கு அடியில் ஒருவர் உட்கார்ந்து வசனத்தைத் துண்டு துண்டாகச் சொல்வார். நடிக்கிறவர் அதைக் காதில் வாங்கி, முகத்தில் ஏற்றித் திருப்பிச் சொல்வார். எடுத்துக் கொடுத்த குரலைப் பிறகு கத்தரித்துவிடுவார்கள். கடைசி வரை அந்தக் குரல்தான் அவளுக்குப் பிழைப்பு. செட்டில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவள் ‘டயலாக் அக்கா’.

அதே செட்டில் ஒரு காலத்தில் அவள் கதாநாயகி. அவள் அழுதால் ஊரே சேர்ந்து அழும். விளக்கு பிடிக்கிறவர்கள் அவளுக்குச் செல்லமாக ‘குழாய்’ என்று பேர் வைத்திருந்தார்கள். திறந்தால் கொட்டுமாம்.

ராப்பகலாக நடந்த படப்பிடிப்பு முடிந்த ஒரு விடிகாலையில், டிரைவரைப் பின்சீட்டில் தூங்கவிட்டு அவளே காரை ஓட்டினாள். அசதியில் கண் செருகியது. வேலை முடிந்து சைக்கிளில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு காவலாளி மேல் மோதினாள். அவருக்குக் கால் போயிற்று. அவள் இறங்கிக்கூடப் பார்க்கவில்லை. தயாரிப்பு மேனேஜர் சொல்லிக் கொடுத்தபடி, “டிரைவர்தான் ஓட்டினார்” என்று காவல் நிலையத்தில் சொன்னாள். மேனேஜர் போட்ட மிரட்டலில் டிரைவரும் தலையாட்டிவிட்டார். அவரை உள்ளே வைத்தார்கள்.

சில மாதம் கழித்து மறுபடி விசாரித்தபோதும் கச்சிதமாகத்தான் சொன்னாள். ஆனால் தொழில் பழக்கம் சும்மா விடுமா? எங்கே வெளிச்சமோ அங்கே முகம் தானாகத் திரும்பிவிடும். விசாரித்த அதிகாரி எதிரே உட்கார்ந்திருக்க, இவள் ஜன்னலைப் பார்த்து அழுதாள். அவர் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார். இவள் அழுதபடியே விளக்குப் பக்கம் திரும்பினாள்.

“அம்மா, நீங்க என்கிட்ட பேசறீங்களா, டியூப்லைட்கிட்ட பேசறீங்களா?”

அதற்குப் பதில் அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. துருவித் துருவிக் கேட்டதில் சாயங்காலத்துக்குள் எல்லாம் வெளியே வந்துவிட்டது. டிரைவரை விட்டார்கள். அவளுக்குத் தண்டனையும் ஆனது. அவள் உள்ளே இருந்தபோது அம்மா போய்ச் சேர்ந்தாள். முகத்தைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. விடுதலையான அன்று வாசலில் ஆட்டோவோடு நின்றது தங்கை மட்டும்தான்.

காவலாளியின் வீட்டுக்கு அவள் தேடிப் போனாள். அவர் ஜன்னல் வழியாகப் பார்த்தார், கதவைத் திறக்கவில்லை. திறக்காதது நியாயம்தான் என்று திரும்பி வந்து தங்கை வீட்டுப் பின்னறையில் முடங்கினாள். அப்படி முடங்கிக் கிடந்த ஒருநாள் அந்த டிரைவரே வந்து நின்றார். அவள் எழுந்து சுவரோரம் ஒதுங்கினாள்.

“பயப்படாதீங்கக்கா, அடிக்க வரல. நான் இப்ப யூனிட் வேன் ஓட்டறேன். வசனம் எடுத்துக் குடுக்க ஆள் வேணுமாம். வாங்க.”

“எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வர்றது?”

“மூஞ்சி எதுக்கு? குரல்தான் கேட்டாங்க.”

“என்மேல உனக்குக் கோபமே இல்லையா தம்பி?”

“இல்லாம? நிறைய இருக்கு. அது பாட்டுக்கு இருக்கட்டும். நாலு சுவத்தைப் பாத்துக்கிட்டே உக்காந்தா மனுசன் என்ன ஆவான்னு எனக்குத் தெரியும். கிளம்புங்க.”

போனாள். முதுகுக்கு ஒரு தலையணை, தொண்டைக்கு ஒரு பிளாஸ்க் வெந்நீர். புதிதாக வந்த கதாநாயகிப் பெண்ணுக்கு அவள் குரல் இல்லாமல் வாயே திறக்காது. பேச்சுவாக்கில் எந்தச் சொல்லை அழுத்துவது, எங்கே மூச்சு விடுவது என்பதையும் சேர்த்தே ஊட்டிவிடுவாள். நிம்மதியாகத் தூங்கி எழுந்தாள். தெருவில் அவளை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. அது அவளுக்குப் பிடித்திருந்தது.

அந்த நிம்மதிக்குத்தான் ஒருநாள் சோதனை வந்தது. கதாநாயகியின் அம்மாவாக நடித்தவர் கோபித்துக்கொண்டு போய்விட, புது டைரக்டர் இவளிடம் வந்தார்.

“அக்கா, அம்மா ஜெயில்லேருந்து வர்ற மாதிரி கதைய மாத்தறோம். நீங்க பண்ணுங்க. உங்க சொந்தக் கதையச் சொல்லியே விளம்பரம் போடலாம்னு சேனல்ல சொல்றாங்க. நாளைக்கு ஒரு சோதனை ஷாட் மட்டும் எடுத்துப் பாத்துடலாம்.”

ஆசை இல்லாமல் இல்லை. நாக்கில் எச்சில் ஊறியது. வீட்டில் தங்கை பொரிந்து தள்ளினாள்: “இப்பதான் ஊர் வாய் ஓய்ஞ்சிருக்கு. மறுபடியும் கிளறணுமா உனக்கு?”

மறுநாள் வேனில் டிரைவரிடம் கேட்டாள்.

“விளம்பரத்துல என் பேரும் வரும். என் பொண்ணு இப்பதான் வேலைக்குப் போறா. ஆனா எனக்காக வேணாம்னு மட்டும் சொல்லிடாதீங்கக்கா. அப்புறம் அந்தப் பழியும் என் தலையில விழும்.”

ஒப்பனை போட்டார்கள். விளக்குச் சூடு கன்னத்தில் பட்டதும் உடம்பு பழையபடி நிமிர்ந்தது. கதாநாயகிப் பெண் எதிரே மகளாக நின்றாள். கேமராவுக்கு அடியில் அன்றைக்கு மட்டும் ஓர் உதவி இயக்குநர் தாளோடு உட்கார்ந்தார். இவள் தன் வசனத்தைச் சொன்னாள். யாரும் எடுத்துக் கொடுக்கத் தேவைப்படவில்லை. கண்ணில் நீர் கட்டி நின்றது.

மகளின் முறை வந்தது. உதவி இயக்குநர் தாளில் வரியைத் தேடிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் திருதிருவென்று விழித்தாள்.

“‘என்னை ஏன் விட்டுட்டுப் போன?’ ம், சொல்லு. ‘ஏன்’ல அழுத்தம்.”

சொன்னது இவள்தான். கன்னத்தில் கண்ணீர் வழிய, குரல் மட்டும் டயலாக் அக்காவின் குரல். அந்தப் பெண்ணும் பழக்கத்தில் வாங்கிச் சொல்லிவிட்டாள். இவள் அடுத்த வரியையும் கொடுத்தாள். கட் சொல்லவும் மறந்து டைரக்டர் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு பக்கம் முழுக்க அப்படியே ஓடியது. முதலில் சிரித்தது மேக்கப்மேன். பிறகு செட்டே விழுந்து விழுந்து சிரித்தது. அவளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“பரவால்லக்கா, இன்னொண்ணு போலாம். வாயை மட்டும் கட்டிக்கிட்டு நில்லுங்க” என்றார் டைரக்டர்.

இரண்டாம் முறை வாயைக் கட்டிக்கொண்டுதான் நின்றாள். வசனம் வராமல் அந்தப் பெண்ணின் கண் வழக்கம்போல் கேமராவுக்கு அடியில் டயலாக் அக்காவைத் தேடுவதைப் பார்த்தாள். அதற்குமேல் தாங்கவில்லை.

“தம்பி, வேற அம்மாவப் பாருங்க. நான் கீழயே உக்காந்துக்கறேன்.”

“நடிக்க ஆசை இல்லையா உங்களுக்கு?”

“இருந்துச்சு. போட்டுப் பாத்தாச்சு. இவ வசனம்தான் எனக்கு நல்லா வருது.”

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்து, உதவி இயக்குநரிடம் தாளுக்குக் கையை நீட்டினாள். அன்று வேலை சீக்கிரமே முடிந்தது.

வேனில் டிரைவர் வண்டியைக் கிளப்பாமல் திரும்பிப் பார்த்தார்.

“என்னாலதானே வேணாம்னீங்க?”

“போடா. உனக்காக நான் ஏன் விடணும்? எனக்கே அங்க நிக்கப் பிடிக்கல.”

“நிஜமா?”

“நிஜமா.”

அவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “மேக்கப்பைக் கலைக்காமலே ஏறிட்டீங்க.”

“இருக்கட்டும். வீட்டுல ஒருத்தி திட்டக் காத்துக்கிட்டு இருக்கா. பாத்துட்டுத் திட்டட்டும்.”