ரெண்டு பேருக்குத்தான் இடம்

சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். நான் தபால் நிலையத்தில் வேலை பார்ப்பவள். பேய் பிசாசு என்று யாராவது பேசினால் எழுந்து போய்விடுகிற ரகம். ஆனால் போன நவம்பர் பதினான்காம் தேதி, வியாழக்கிழமை, மாலை 5.40-லிருந்து 6.04 வரை நடந்ததை என் கண்ணால் பார்த்தேன், என் காதால் கேட்டேன். ஒரு வார்த்தையும் கூட்டிச் சொல்லவில்லை.

என் பெயர் நெவேனா. பல்கேரியாவில், டான்யூப் ஆற்றங்கரையில் எங்கள் ஊர். எங்கள் பகுதியில் யாரும் நடக்க மாட்டார்கள். கோடையில் பூத்து மணக்கும் லிண்டன் மரங்களை வெட்டி ரோட்டை ஆறு வழிச்சாலை ஆக்கியதிலிருந்து அப்படித்தான். நடைபாதை முழுக்கக் கார்களை ஏற்றி நிறுத்தியிருப்பார்கள். ரோட்டைக் கடக்க ஒரு சுரங்கப்பாதை உண்டு. பாதி விளக்கு எரியாது. என் கணவன் லூபென் முந்நூறு அடி தள்ளியிருக்கும் கடையில் ரொட்டி வாங்கக்கூடக் காரை எடுப்பான். ஆற்றோரம் கொஞ்சம் நடந்துவிட்டு வரலாம் என்று பதினோரு வருடமாகக் கெஞ்சியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அவனுக்குக் கால் வலிக்கும்.

அப்படிப்பட்டவன் அக்டோபரில் திடீரென்று ஆபீசிலிருந்து நடந்து வர ஆரம்பித்தான்.

“கார் என்னாச்சு?”

“ஒண்ணும் ஆகல. நடக்கணும்போல இருந்துச்சு.”

கன்னம் சிவந்திருக்கும். மெல்ல ஏதோ பாட்டை முணுமுணுப்பான். எனக்குப் புரியாதா? எவளோ இருக்கிறாள். என்னோடு நடக்க வலித்த கால், அவளோடு நடக்க வலிக்கவில்லை. வயிறு எரிந்தது. மூன்று வாரம் எரிந்தது.

அந்த வியாழக்கிழமை அவன் ஆபீசுக்கு எதிரே, ஒரு வேனுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். எங்கள் ஊரில் நவம்பரில் ஐந்து மணிக்கே இருட்டிவிடும். அவன் ஆபீஸ் முடிவதும் ஐந்துக்குத்தான்.

5.40. வெளியே வந்தான். தனியாகத்தான் வந்தான்.

நாற்பதடி விட்டுப் பின்தொடர்ந்தேன். முதலில் ஒன்றும் தோன்றவில்லை. பிறகுதான் கவனித்தேன். அவன் நடைபாதையின் நடுவில் போகவில்லை. கார்கள் சீறும் பக்கமாகவே ஒட்டிப் போனான். உள்பக்கத்தில் ஓர் ஆளுக்கான இடம் காலியாக இருந்தது.

நிறுத்தியிருந்த இரண்டு கார்களுக்கு நடுவே ஒருவர் மட்டும் நுழையும் சந்து. அங்கே நின்றான். கையை நீட்டி வழிவிட்டான். ஒருவர் கடந்து போகும் நேரம் காத்திருந்தான். பிறகு அவன் நுழைந்தான்.

யாருமில்லை. ஆனால் காத்திருந்தான்...

மழைநீர் குட்டையாகத் தேங்கிய இடத்தில் கையை வளைத்து உயர்த்தினான். ஒரு பெண்ணின் முழங்கையைத் தாங்குகிற மாதிரி. எனக்கு அவன் அப்படிக் கை கொடுத்ததே இல்லை. பயம் வரவேண்டிய இடத்தில் எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

5.52. சுரங்கப்பாதைப் படியில் இறங்கினான்.

நானும் இறங்கினேன்.

உள்ளே இரண்டு விளக்குதான். அவன் ஷூ சத்தம் கேட்டது. கூடவே இன்னொரு சத்தம்.

டக்... டக்... டக்...

குதிகால் உயர்ந்த செருப்பு.

நான் போட்டிருந்தது ரப்பர் அடி பூட்ஸ். அங்கே எங்கள் இருவரைத் தவிர ஆளில்லை.

லூபென் சிரித்தான். தாழ்ந்த குரலில், கொஞ்சுகிற சிரிப்பு.

“லூபென்!” கத்திவிட்டேன்.

அவன் நின்றான்.

குதிகால் நிற்கவில்லை.

டக்... டக்...

திரும்பியது. என்னை நோக்கி வந்தது.

டக்.

என் முகத்துக்கு நேரே நின்றது.

லிண்டன் பூ வாசனை. நவம்பரில்.

காதோரம் ஒரு பெண் குரல்...

“ரெண்டு பேருக்குத்தான் இடம்.”

எப்படி ஓடினேன், எப்படி அவன் கையைப் பிடித்து இழுத்தேன், தெரியாது. மேலே வந்தபோது கடிகாரத்தில் 6.04.

“யாருடா அவ?” என்று அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினேன்.

லூபென் தூக்கத்தில் எழுப்பியவனைப் போல விழித்தான். “எவ? நான் தனியாத்தான் வந்தேன், நெவேனா. ஆனா... தனியா நடக்கற மாதிரியே இருக்காது. இந்த ரோட்டுல பயமே இருக்காது. அதான் நடந்தேன்.”

மறுநாளே காரை எடுக்க வைத்தேன்.

அடுத்த வாரம், சுரங்கப்பாதை வாசலில் காபியும் சூரியகாந்தி விதையும் விற்கும் பென்கா அக்காவிடம் பேச்சுக்கொடுத்தேன். நான் முழுதும் சொல்லி முடிக்கும் முன்னே அவர் கையிலிருந்த பொட்டலத்தைக் கீழே வைத்தார்.

“அது வயோலெத்தான்னு ஒருத்திம்மா. தினம் சாயங்காலம் புருஷன் கையைக் கோத்துக்கிட்டு மரத்தடியில நடப்பா. ரோட்டை அகலமாக்கினாங்க, அந்தாளு கார் வாங்கிட்டான். அப்புறம் அவ நடக்கறதையே மறந்துட்டான். இவ மட்டும் தனியா நடந்தா. ஒரு நாள் இந்தச் சுரங்கப்பாதைக்குள்ளயே மாரடைச்சு விழுந்து செத்துட்டா.”

“யாரும் பார்க்கலையா அக்கா?”

“மூணு நாள் கழிச்சுதான் பார்த்தாங்க. அந்த வழியா நடக்கறதுக்கு ஆளு எங்க இருக்கு?”

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். லூபென் தினமும் காரில் 5.15-க்கு வீட்டுக்கு வந்துவிடுகிறான். சோபாவில் என் தோளில் சாய்ந்து டிவி பார்க்கிறான். ஆற்றோரம் போகலாமா என்று ஒருமுறை கேட்டேன். கால் வலிக்கிறதாம்.

ஜனவரியில் அவன் போனைத் தற்செயலாக எடுத்தேன். ஒரு நாளில் எத்தனை அடி எடுத்து வைத்தோம் என்று அது நேரத்தோடு எண்ணி வைக்குமல்லவா?

ஒவ்வொரு நாளும். 5.40-க்குத் தொடங்குகிறது. ஞாயிற்றுக்கிழமைகளிலும்.

நேற்று நானே உட்கார்ந்து பார்த்தேன். போன் சமையலறை மேஜையில். அவன் சோபாவில் கண்ணை மூடிப் படுத்திருந்தான். 5.40. எண் ஏற ஆரம்பித்தது. ஒன்று... இரண்டு... மூன்று...

தூக்கத்தில் அவன் சிரித்தான்.

6.04-க்கு நின்றது. மொத்தம் 2,314 அடி.

அதில் ஓர் அடிகூட என்னோடு நடந்தது இல்லை.