தார்ப்பாய்க்கு அடியில் ஒரு சோலார் பேனல்

சங்ககிரி ஜீவானந்தம் முப்பத்திரண்டு வருடம் நேஷனல் பர்மிட் லாரி ஓட்டியவர். நாட்டின் இரண்டு பக்கக் கடலையும் பார்த்துவிட்டார். அவர் மனைவி கண்ணாத்தாள் பார்த்ததில் பெரிய தண்ணீர் மேட்டூர் அணைதான். அந்தக் குறையைத் தீர்க்கவே, லாரியை விட்டதும் ஒரு பழைய வேனை வாங்கி, உள்ளே கட்டில், அடுப்பு, மின்விசிறி எல்லாம் வைத்தார்.

வேன் வாசலில் நின்றது. நின்றுகொண்டே இருந்தது. நிற்கிற வண்டியிலும் கடிகாரம், அலாரம் என்று ஏதாவது கொஞ்சம் கொஞ்சமாகக் கரண்டைக் குடித்துக்கொண்டிருக்கும். ராமேஸ்வரம் புறப்பட்ட இரண்டு முறையும் பேட்டரி இறங்கிப்போயிருந்தது. இரண்டாம் முறை வேனைத் தள்ளியவர்களில் பட்டுச்சேலை கட்டிய கண்ணாத்தாளும் ஒருத்தி. தள்ளியும் அது கிளம்பவில்லை.

“பங்குனி மொத வெள்ளிக்கிழம, சாவியத் திருப்புனதும் கெளம்போணும். இல்லீன்னா நான் பஸ்ல போயிக்கறேனுங்க. வந்ததும் இதைய வித்துப்போடலாம்” என்றாள்.

ஜீவானந்தம் உடனே கூரைமேல் சோலார் பேனல் மாட்டவைத்தார். நிற்கும்போதே பேட்டரி ஏறிக்கொள்ளும் என்றார்கள். ஒரு மாதம் ஆகியும் ஏறவில்லை. வெள்ளிக்கு நான்கு நாள் இருக்கையில், பேனலை மாட்டிக் கொடுத்த பிரபாகரைக் கூப்பிட்டார்.

பிரபாகர் வந்து பார்த்தபோது வேன் தலையிலிருந்து சக்கரம் வரை தார்ப்பாய்க்குள் இருந்தது. கயிறு கட்டியிருந்ததில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

“பேனல் எங்கீங்ணா?”

“உள்ளாறதான் இருக்குது.”

“எத்தன நாளாங்ணா?”

“நீ மாட்டிட்டுப் போன அன்னிக்கே மூடிட்டேன். புதுச் சாமான். வெயில்ல கெடந்தா வீணாப் போயிருமல்லோ?”

பிரபாகர் வேனைப் பார்த்தான், வானத்தைப் பார்த்தான், கடைசியில் கண்ணாத்தாளைப் பார்த்தான்.

“என்னையப் பாக்காத சாமி” என்றாள் அவள். “இந்த ஊட்டுல கொடகூட மழையில நனையாம பத்திரமா இருக்குது.”

“வெயில் படாம அது என்னத்தச் செய்யுமுங்ணா? நாலு நாளு தொறந்து உடுங்க, ஏறிக்கும்.”

சிரிப்பது எளிது. ஆனால் சரக்கு நனையாமல், காயாமல் ஊர் ஊராகக் கொண்டுசேர்த்த கைகள் அவை. வண்டி நின்றால் தாமாகவே கயிற்றைத் தேடும். தலைக்குப் புரிந்த விஷயம் கைக்குப் போய்ச் சேர இன்னும் சில நாள் ஆகும்.

ஆயிற்று. செவ்வாயன்று அவர் கூரைமேல் ஏறி, பேனலைத் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“ஏனுங்க, எறங்குங்க! உங்க நெழலு அதும்மேல உழுவுது!”

புதன் மதியம் மேகம் கூடித் தூறல் போட்டது. தார்ப்பாயோடு ஓடிவந்தவருக்குக் குறுக்கே, ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள் கண்ணாத்தாள்.

“நனையுது கண்ணா!”

“நனையட்டும் உடுங்க. மழ உட்டதும் வெயிலு வரும்.”

வேனை விற்கச் சொன்னவள் இரண்டு நாளாக அதற்குக் காவல் நின்றதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அவள் பையை வேனில் ஏற்றவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற பக்கமாகக் கேட் அருகே வைத்துவிட்டு நின்றாள். ஜீவானந்தம் சாவியைத் திருப்பினார். ஒரு முனகல். அடுத்த நொடி இஞ்சின் பிடித்துக்கொண்டது.

அவர் பெருமையோடு திரும்பினார். அவள் அதற்குள் பையை உள்ளே தூக்கிப் போட்டிருந்தாள்.

“ஆப் பண்ணிறாதீங்க! ஊட்டப் பூட்டிட்டு வாரேன்.”