கந்தப்போடியின் கைமணிக்கூடு

களுவாஞ்சிகுடிச் சந்தைக்குப் பக்கத்தில், ஒரு புடவைக்கடையின் ஓரமாகக் கண்ணாடிப் பெட்டி வைத்துக் கைமணிக்கூடு திருத்தி வந்தவர் கோகுலராஜ். தேற்றாத்தீவிலிருந்து சைக்கிளில் வருவார். ஐம்பது வயதுகூட ஆகவில்லை. போன மாரியில் அவருடைய வலக்கைப் பெருவிரல் தானாக ஆடத் தொடங்கியது. பிறகு கை முழுவதும் நடுங்கியது.

"குளிசை போட்டாக் கொஞ்சம் மட்டுப்படும். முழுசா மாறாது" என்றார் டொக்டர்.

கோகுலராஜ் இதை யாரிடமும் சொல்லவில்லை, மனைவி றஞ்சிதாவிடம்கூட. முழங்கையை மேசையில் ஊன்றிக்கொண்டு பெற்றறி மாற்றினார், பட்டி மாற்றினார். நுணுக்கமான வேலை வந்தால் சாமான் இல்லையென்று திருப்பி அனுப்பினார்.

சின்னத்தங்கத்தை அப்படி அனுப்ப முடியவில்லை. மண்டூரிலிருந்து படகேறி வாவியைக் கடந்து வந்திருந்தார். அவருடைய கணவர் கந்தப்போடி வயல் வட்டையில் காவலிருந்தபோது யானை அடித்து இறந்தவர். அன்று அவர் வீட்டில் கழற்றி வைத்துவிட்டுப் போன சாவி கொடுக்கும் மணிக்கூட்டை, சின்னத்தங்கம் முந்தானையில் முடிந்து கொண்டுவந்திருந்தார்.

"காலம்பற சாவி குடுக்கக்குள்ள கை தவறிச் சீமெந்தில விழுந்திட்டு தம்பி. அவர் போன பிறகு நான்தான் ஒவ்வொரு நாளும் குடுக்கிறன். அது ஓடுற சத்தம் கேட்டாத்தான் எனக்கு அடுப்படிக்குப் போக மனம் வரும்."

கோகுலராஜ் மூடியைக் கழற்றிப் பார்த்தார். உள்ளே இடமும் வலமும் ஆட வேண்டிய சின்னச் சில்லின் அச்சு முறிந்து, சில்லு சரிந்து கிடந்தது.

"இந்த மெஷின எடுத்திட்டுப் பெற்றறி மெஷின் போடலாம் அக்கா."

"வேணாம் தம்பி. அவர்ர மெஷினே ஓடட்டும். உங்களால ஏலும் எண்டு எல்லாரும் சொன்னாங்க."

ஏலாது என்று சொல்ல வாய் வரவில்லை. "வச்சிட்டுப் போங்க. ஒரு கிழமை கழிச்சு வாங்க" என்றார்.

அதே இனத்துப் பழுதான மணிக்கூடு ஒன்று அவரிடம் இருந்தது. அதன் சில்லு நல்ல நிலையில் இருந்தது. மறுநாள் குளிசை போட்டு, கை சற்று அடங்கியதும் வேலையைத் தொடங்கினார். முறிந்த சில்லை எடுத்தாயிற்று. நல்ல சில்லைச் சாவணத்தால் பிடித்து உள்ளே இறக்கும் நேரம் பார்த்துக் கை வெட்டி இழுத்தது. சில்லோடு சேர்ந்திருந்த, மயிரை விட மெல்லிய கம்பிச் சுருள் இழுபட்டு நீண்டுபோனது. இடக்கையால் வலக்கையை அமுக்கிக்கொண்டு அதைச் சரிசெய்யப் பார்த்தார். சுருள் அறுந்தது. சாவணம் சறுக்கிக் கந்தப்போடியின் மெஷினில் ஏறி, மற்றச் சில்லுகளின் பற்களையும் நெரித்துவிட்டது.



மட்டக்களப்புக்கு பஸ் ஏறி, தெரிந்த ஒருவரிடம் கொடுத்துப் பெற்றறி மெஷின் போடுவித்தார். "நீ செய்யிற வேலைதானே இது?" என்று அவர் கேட்டபோது, தன் மூக்குக்கண்ணாடி உடைந்துவிட்டதாகச் சொன்னார்.

சொன்ன நாளில் சின்னத்தங்கம் வந்தார். மணிக்கூட்டைக் காதில் வைத்து வெகுநேரம் கேட்டார்.

"முள்ளு ஓடுது தம்பி. ஆனா இது அவர்ர சத்தமில்ல."

கோகுலராஜ் கையை மேசைமேல் எடுத்து வைத்தார். முதன்முறையாக அதை மறைக்கவில்லை.

"கை நடுங்குது அக்கா. ஏலாது எண்டு தெரிஞ்சும் வாங்கி வச்சன். உங்கட மெஷின நான்தான் கெடுத்துப்போட்டன்."

சின்னத்தங்கம் ஏசுவார் என்று எதிர்பார்த்தார். ஏசியிருந்தால் நல்லதாக இருந்திருக்கும். சின்னத்தங்கம் அந்தக் கையைப் பார்த்து, "அண்டைக்கே சொல்லியிருந்தா, உடைஞ்சபடியே கொண்டு போய் வச்சிருப்பனே தம்பி" என்றார்.

நொறுங்கிய மெஷினைக் கடதாசியில் சுற்றித் தரச் சொன்னார். சுற்றவும் கோகுலராஜுக்குக் கை வரவில்லை. சின்னத்தங்கமே சுற்றி முந்தானையில் முடிந்துகொண்டு நடந்தார். ஓடுகிற மணிக்கூடு கண்ணாடிப் பெட்டியின் மேலேயே கிடந்தது.

கோகுலராஜ் மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டார். "இனி நான் கடைக்குப் போகமாட்டன்" என்றார். றஞ்சிதா ஏனென்று கேட்கவில்லை.

"தெரியும். நீங்க சோறு பிசையக்குள்ள பாத்துக்கொண்டுதானே இரிக்கன். இடக்கையால ஏதும் வேலை பழகலாம்."

"அதுவும் ஆடத் தொடங்கிட்டு" என்றார் கோகுலராஜ்.

 றஞ்சிதா அவருக்குப் பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்துவிட்டாள்.