கூடத்தில் இருந்த போன்

பிலிப்பைன்ஸில் புயல் என்ற செய்தியைக் கல்லூரி நூலகத்து நாளிதழில் பார்த்தேன். கூரை பிய்ந்த வீடுகள், முறிந்த தென்னைகள். படத்துக்குக் கீழே அண்ணன் இருக்கும் ஊரின் பெயர். நூற்பாலை இயந்திரங்களைப் பொருத்திக்கொடுக்க ஒரு கோயமுத்தூர் கம்பெனி அவனை அங்கே அனுப்பியிருந்தது. பள்ளிக்கூடம் போகாமல் பட்டறையில் வேலை கற்றவன் அவன். எங்கள் வீட்டில் படித்தது நான் ஒருத்திதான்.

எஸ்.டி.டி. பூத்திலிருந்து கம்பெனிக்குப் பேசினேன். அவர்களுக்கும் தகவல் இல்லை. எங்கள் ஊரான கோபிக்குப் பஸ் ஏறினேன். அம்மா கூலிக்குப் போகும் தோட்டத்தில் வாழை இலை அறுத்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"ஆடிக் காத்தாட்டமா கண்ணு?"

போன ஆடியில் பாதி வாழை சாய்ந்திருந்தது. அவள் பார்த்த பெரிய காற்று அதுதான். ஆமாம் என்றேன். இப்படிப்பட்ட புயலில் கடல் ஊருக்குள் ஏறிவரும் என்று பாடத்தில் படித்திருந்தேன். அதைச் சொல்லவில்லை. கண்ணை மூடினால் ஊருக்குள் ஏறிவரும் தண்ணீர்தான் தெரிந்தது.

அண்ணன் ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத்து முதலாளியான தோட்டக்காரர் வீட்டுக்குப் போன் செய்வான். போன் கூடத்தில் இருந்தது. நாங்கள் அந்த வீட்டுப் படி ஏறுவதில்லை. தோட்டக்காரம்மா ரிசீவரைக் காதில் வைத்து, அவன் சொல்வதை வாசலைப் பார்த்துச் சொல்வார். வாசலில் நின்று அம்மா சொல்வதைப் போனில் சொல்வார். அவன் போன நாளிலிருந்து நாங்கள் அவன் குரலைக் கேட்டதே இல்லை.

அந்த ஞாயிறு விடிந்ததுமே போய் நின்றோம்.

"உம்பட பையன் கூப்புடல," என்றார் தோட்டக்காரம்மா. "நேத்திருந்து எவளோ இங்கிலீசுல பேசறா. ராங் நம்பருன்னு வெச்சுப்போட்டேன்."

ஊரையே புயல் அடித்துப்போட்ட பிறகு, அங்கிருந்து முன்பின் தெரியாத ஒருத்தி எதற்காக விடாமல் கூப்பிடுகிறாள்? சாவுச் செய்தியைத் தவிர வேறெதுவும் எனக்குத் தோன்றவில்லை. அம்மாவுக்கு அது தோன்றியதாகத் தெரியவில்லை. அவள் பக்கம் திரும்பாமல் இருந்தேன்.

"அது எங்களுக்கு வந்ததுங்கம்மா. மறுக்கா வந்தா வெச்சுப்போடாதீங்க," என்றேன்.

"வெக்காம? நானும் அவளோட இங்கிலீசு பேசட்டுமா?" என்று சிரித்துக்கொண்டே உள்ளே போனார்.

வெயில் ஏறியபோது மணி அடித்தது. தோட்டக்காரம்மா எடுத்தார். கொஞ்சம் கேட்டுவிட்டு, "அவளேதான்," என்று ரிசீவரைக் காதிலிருந்து எடுத்தார். போனை வைக்கக் கை கீழே இறங்கியது.

நான் படியில் கால் வைத்தேன். அம்மா என் தாவணியைப் பிடித்தாள்.

"ஏறாத கண்ணு."

இழுத்துக்கொண்டு ஏறினேன். கூடத்துத் தரை வழவழவென்று குளிர்ந்திருந்தது. தோட்டக்காரம்மா ரிசீவரை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு என் கால்களையே பார்த்தார்.

"குடுங்க," என்றேன். 'அம்மா' என்று சேர்க்கவில்லை.

கொடுத்தார்.

பரீட்சைத் தாளில் எழுதியதல்லாமல் நான் யாரிடமும் ஆங்கிலம் பேசியதில்லை. அந்தப் பெண் அண்ணன் பெயரைச் சொல்லி, அவனுக்கு நீ என்ன உறவு என்று கேட்டாள். தங்கை என்றேன். நிவாரண முகாமிலிருந்து பேசுவதாகச் சொன்னாள். அடுத்து சொன்னது இரைச்சலில் போய்விட்டது. உயிரோடு இருக்கிறானா என்று கேட்க நினைத்தேன். ஆங்கிலத்தில் சொல் தேடுவதற்குள் காத்திரு என்றாள். வாசலில் அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் அசையாமல் பிடித்துக்கொண்டேன்.

கரகரப்புக்கு நடுவே யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"ஏனுங்கம்மா, எங்கம்மா வாசல்ல நிக்குதுங்களா?"

தோட்டக்காரம்மாதான் போனில் இருப்பதாக அண்ணன் நினைத்திருந்தான். வாசலைப் பார்த்துத் திரும்பினேன்.

"அம்மா, அண்ணன் பேசுது. நீ உள்ள வா."